நூறு நாள் வேலையை நிறுத்தினால் வயலுக்கு ஆள் வருமா?

(நாகை மாவட்டக் கடைமடைப் பகுதியில் நடந்த சங்கத்தின் ஒன்றியப் பேரவைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கிளைக் கூட்டங்களில் உரக்கப் படித்து விவாதிக்கவும்.)

 

அறுப்பு நேரம். வயலில் வேலையைப் போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் மாலை, சால்வை, வரவேற்புரை எதுவும் வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிட்டோம். நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

பத்து நாளாக நம் ஒன்றியத்தில் ஒரு மனு சுற்றிக்கொண்டிருக்கிறது. "நடவு நேரத்திலும் அறுப்பு நேரத்திலும் ஊரக வேலைத் திட்டத்தை நிறுத்த வேண்டும். புதிய சட்டத்தில் சொல்லியிருக்கிற அறுபது நாள் நிறுத்தத்தை உடனே அறிவிக்க வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கிறது. கீழே 'அனைத்து விவசாயிகள்' என்று போட்டிருக்கிறது. நம் கிளைகளில் சிலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சங்கமும் முத்திரை குத்தித் தர வேண்டும் என்று கேட்கிறார்கள். தரக்கூடாது என்பது நிர்வாகக்குழுவின் கருத்து. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

கையெழுத்துப் போட்டவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அந்தக் காரியத்தை நாங்களே ஒரு காலத்தில் செய்திருக்கிறோம். 2006 பிப்ரவரி 2-ம் தேதி நாட்டில் முதலில் 200 மாவட்டங்களில் திட்டம் தொடங்கியபோது அதில் நம் நாகப்பட்டினமும் ஒன்று. மயிலாடுதுறை அப்போது நம்மோடு சேர்ந்திருந்தது. தொடங்கி நாலைந்து வருஷத்தில், "ஆளே கெடைக்கல, குளத்து வேலையை ஒரு மாசம் நிறுத்துங்க" என்று தீர்மானம் போட்டு, ஊர்வலமாகப் போய் மனுக் கொடுத்தோம். அந்த வருஷம் நம் பக்கத்தில் நாலு ஊரில் வேலையும் நின்றது.

நின்றதும் என்ன நடந்தது? வயலுக்கு ஆள் கூடியதா? மூன்றாம் நாள் காலையில் தெற்குத் தெரு முனையில் இரண்டு வேன் வந்து நின்றது. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், சட்டி பானையோடு ஏறினார்கள். செங்கல் சூளைக்குச் சிலர், திருப்பூருக்குச் சிலர், கரும்பு வெட்டுக்குச் சிலர். சூளைக்காரன் முன்பணமாகக் கையில் காசு கொடுத்தான். நாம் என்ன கொடுத்தோம்? "நாளைக்கு வா, நாளன்னைக்கு வா, மழை விட்டதும் வா" என்றோம். போனவர்களில் பாதிப்பேர் அடுத்த தீபாவளிக்குத்தான் ஊர்ப்பக்கம் தலை காட்டினார்கள். சில குடும்பம் திரும்பவே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மறைத்துப் பேசி என்ன லாபம்?

ஆள் பஞ்சம் பொய்யில்லை

ஆள் கிடைக்காத கஷ்டத்தை நாம் இல்லை என்று சொல்லவில்லை. கதிர் சாய்ந்து கிடக்கும், மேற்கே மேகம் கட்டும், மெஷின்காரன் போனை எடுக்க மாட்டான், எடுத்தாலும் "பத்து ஏக்கர் சேர்ந்து இருந்தாத்தாண்ணே வண்டி எறங்கும்" என்பான். ஒன்றரை ஏக்கர்க்காரன் என்ன செய்வான்? ரெண்டு நாள் தள்ளிப் போனால் ஈரப்பதம் 17-ஐத் தாண்டும். கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்புவார்கள். இந்த வயிற்றெரிச்சலில்தான் குளத்து மேட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்களைப் பார்த்தால் நமக்கு எரிகிறது. "அங்க சும்மா உக்காந்திருக்காங்க, நம்ம நெல்லு மொளைக்குது" என்கிறோம்.

சரி, குளத்து மேட்டில் இருப்பது யார் என்று கொஞ்சம் நின்று பாருங்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்கள். அதிலும் வயதானவர்கள், புருஷனை இழந்தவர்கள், வெளியூர் போக முடியாதவர்கள் நிறைய. மூட்டை தூக்கவும், வாய்க்கால் வெட்டவும், மருந்து அடிக்கவும் நாம் தேடுகிற இளவட்டம் அங்கே இல்லை. அவன் கட்டட வேலைக்குப் போய்விட்டான். சித்தாளுக்குக் கிடைக்கிற கூலியை நம் வயல் கொடுக்காது, குளமும் கொடுக்காது. அவனைத் தடுத்து நிறுத்த எந்த மனுவாலும் முடியாது. தடுக்கவும் கூடாது. நம் பிள்ளைகளும் அங்கேதானே போயிருக்கிறார்கள்!

இன்னொரு கணக்கு. பேருக்குத்தான் நூறு நாள். நாடு முழுக்க ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த வேலை சராசரி ஐம்பது நாளைச் சுற்றியே இருந்தது. வருஷத்துக்கு 365 நாள். அதில் ஐம்பது நாள் குளத்தில் இருக்கிறவர், மிச்சம் முந்நூற்றுப் பதினைந்து நாள் எங்கே இருக்கிறார்? அந்த நாளில் நாம் வேலை கொடுத்தோமா? நடவு மெஷின் வந்தது, நேரடி விதைப்பு வந்தது, களைக்கொல்லி வந்தது, அறுவடை மெஷின் வந்தது. நம்மால் வேறு வழியில்லாமல்தான் இதையெல்லாம் வைத்தோம். ஆனால் வருஷத்தில் நூறு நாள் வயல் வேலை பார்த்த பெண்ணுக்கு இன்றைக்கு நாம் கொடுப்பது இருபதோ முப்பதோ நாள்தான். அந்த முப்பது நாளும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. மிச்ச நாள் அவர் எதைச் சாப்பிட்டு ஊரில் காத்திருப்பது? நிர்வாகக்குழு மூன்று நாள் உட்கார்ந்து பேசியதில் எங்களுக்குத் தெளிவானது இதுதான்: கூலியாள் ஊரில் இருந்தால்தான் நாம் கூப்பிட முடியும். ஊரில் இருக்க வைத்தது அந்தக் குளத்துக் காசு.

அடி விழுந்தபோது என்ன நடந்தது

நாமெல்லாம் கண்ணால் பார்த்த விஷயங்களை நினைத்துப் பாருங்கள்.

2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்றார்கள். நமக்குச் சம்பா நேரம். ஆறே நாளில், நவம்பர் 14-ம் தேதி, மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக்கூடாது என்றும் உத்தரவு வந்தது. நம் கணக்கெல்லாம் எங்கே இருந்தது? கூட்டுறவில்தானே! கையில் காசு இல்லாமல் கூலியைக் கடன் சொன்னோம். சில பேர் நெல்லாக அளப்பதாகச் சொன்னோம். அதற்கும் வழியில்லாமல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று மாநில அரசே அறிவித்தது. அந்த வருஷம் விவசாயி வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்டால், பல வீட்டில் எரிந்தது குளத்துக் காசில். வறட்சிக்காகக் கூடுதலாக ஐம்பது நாள் கேட்டது நாம்தான். அப்போது "ஆள் கிடைக்கவில்லை" என்று ஒருத்தரும் பேசவில்லை. காரணம், நாமே வரிசையில் நின்றோம்.

2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னை, மா, முந்திரி, சவுக்கு எல்லாம் படுத்தது. முதல் இரண்டு மாதம் மரம் அறுக்க, அப்புறப்படுத்த ஆளுக்கு எவ்வளவு கிராக்கி! கேட்ட கூலியைக் கொடுத்தோம். மரம் அறுத்து முடிந்தது, வேலையும் முடிந்தது. மரம் ஏறினவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள், கயிறு திரித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் பிழைப்பு போயிற்று. புதுக்கன்று காய்க்க ஐந்தாறு வருஷம். ஐந்தாறு வருஷம் யார் காத்திருப்பார்? கேரளாவுக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். இப்போது கன்று காய்க்கிறது. ஏறுவதற்கு ஆள் எங்கே? போன ஆள் போனதுதான். தோப்பு வைத்திருக்கிற நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச் 24 நள்ளிரவோடு நாடு அடைக்கப்பட்டது. நடந்தும், காய்கறி லாரியிலும் நம் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஊர் நிறைய ஆள். ஆள் நிறைய இருந்தால் கூலி இறங்கும் என்பதுதானே கணக்கு? நம்ம ஊரில் இறங்கியதா? இறங்கவில்லை. ஆளுக்குக் கிடைத்த நாள்தான் குறைந்தது. பத்துப் பேர் செய்த வேலைக்கு இருபது பேர் வந்து நின்றார்கள். அந்த நேரத்தில் மத்திய அரசே இந்தத் திட்டத்துக்குக் கூடுதலாக 40,000 கோடி ஒதுக்க வேண்டி வந்தது. அதற்கு முந்தின வருஷம் நாடு முழுக்க 265 கோடி மனித நாள் நடந்த வேலை, 2020-21-ல் 389 கோடி நாளுக்குப் போனது. ஏழரைக் கோடிக் குடும்பம் மண்வெட்டி தூக்கியது. திட்டத்தைக் கேலி பேசினவர்கள்கூட அந்த வருஷம் வாயைத் திறக்கவில்லை. பஸ் ஓடியதும் பிள்ளைகள் திரும்பப் போனார்கள். அவர்களை வயல் நிறுத்தி வைக்கவில்லை.

கூலி இறங்காது என்று நாம் சொல்வது நம்ம ஊரைப் பார்த்து மட்டும் இல்லை. சுப்ரீத் கவுர் என்ற பொருளாதார ஆய்வாளர் இந்தியாவின் பல நூறு மாவட்டங்களில் பல பத்து வருஷத்து மழையையும் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2019-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். நல்ல மழை வருஷத்தில் ஏறின கூலி, அடுத்த வருஷம் வறட்சி வந்தாலும் இறங்குவதில்லை. இறங்குவது வேலை நாள். நம்ம பாட்டன்மாருக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் படித்தவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னால் ஒரு தெம்பு. ஆகவே திட்டத்தை நிறுத்திக் கூலியை இறக்கலாம் என்று கனவு காண்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கூலி இறங்காது. கூலிக்கு வருகிறவர் வேன் ஏறுவார்.

வங்காளத்து ஆள் சொன்ன பாடம்

இப்போது நம் வயலில் நடவு நடுகிறவர் யார்? மேற்கு வங்காளத்திலிருந்து வந்த தம்பிகள். ரயில் ஏறி, ரெண்டு நாள் பயணம் பண்ணி வந்து, கயிறு பிடித்து, ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசி நட்டுக் கொடுக்கிறார்கள். பாஷை தெரியாவிட்டாலும் வரிசை தப்பாது. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் போன சம்பாவில் பல வயல் தரிசாகக் கிடந்திருக்கும்.

ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். 2022 மார்ச்சில், முறைகேடு என்று காரணம் சொல்லி, மேற்கு வங்காளத்துக்கு மட்டும் இந்தத் திட்டத்துக்கான பணத்தை மத்திய அரசு நிறுத்தியது. மூன்று வருஷத்துக்கும் மேல் அங்கே வேலை நின்றது. முறைகேட்டை விசாரிக்கட்டும், திருடியவனைப் பிடிக்கட்டும், அதற்காகக் கூலிக்காரியின் சோற்றில் கை வைப்பதா என்று அப்போதே கேட்டோம். நம் விஷயத்துக்கு வருவோம். திட்டத்தை நிறுத்தினால் ஆள் வயலுக்கு வருவான் என்கிறார்களே, அப்படியானால் மேற்கு வங்காளத்தில்தானே வயல் எல்லாம் ஆளாக நிரம்பியிருக்க வேண்டும்? அங்கேயும் நெல் விளைகிற பூமிதான். அந்த ஊர்ச் சின்ன விவசாயிக்கு ஆள் கிடைத்தானா? அவன் ஊர் ஆள் நம்ம ஊரில் நாற்று நட்டுக்கொண்டிருக்கிறான்! வங்காளத்து ஆட்கள் வெளியூர் போவது முன்னாலும் உண்டு. பணம் நின்றதுதான் ஒரே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தினால் ஆள் ஊரிலேயே வயலுக்குத் திரும்புவான் என்ற பேச்சு அங்கே பலிக்கவில்லை என்பது நம் வரப்பில் நின்று பார்த்தாலே தெரிகிறது.

திட்டத்தை ஒழுங்காக நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிவதற்கு முந்தின ஆந்திராவில் கூலியை ஸ்மார்ட் கார்டு மூலமாகச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு செய்தார்கள். எந்த மண்டலத்தில் முதலில், எதில் பிறகு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கார்த்திக் முரளிதரனும் இன்னும் இரண்டு ஆய்வாளர்களும் முன்னால் கிடைத்த ஊரையும் பின்னால் கிடைத்த ஊரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2023-ல் வெளிவந்தது. வேலை அட்டை வைத்திருந்த குடும்பத்தின் வருமானம் நூற்றுக்குப் பதினான்கு கூடியது. ஆச்சரியம் என்னவென்றால், கூடிய பணத்தில் நூற்றுக்கு 86 பங்கு திட்டத்திலிருந்து வரவில்லை, வெளி வேலையிலிருந்து வந்தது. வெளிக் கூலி ஏறியது, வெளியில் வேலையும் கூடியது. ஊரில் சின்னச் சின்னக் கடை, தொழில் எல்லாம் பெருகியது.

இதில் நமக்குப் பிடிக்காத ஒரு வரியும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறோம். நிலத்திலிருந்து கிடைக்கிற வருமானம் குறைந்தது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. ஆள் வைத்துப் பண்ணையம் பண்ணுகிறவருக்குச் செலவு கூடுகிறது, உண்மை. ஆனால் அதே ஆய்வு, நிலம் சில பேர் கையில் குவிந்திருந்த ஊரில்தான் வேலை அதிகம் கூடியது என்றும் சொல்கிறது. அதாவது, நாலு பெரிய கை சேர்ந்து "இதுதான் கூலி, வந்தா வா" என்று வைத்திருந்த ஊரில், கூலிக்காரருக்கு இன்னொரு கதவு திறந்ததும் அந்தப் பிடி தளர்ந்தது. நம்மில் எத்தனை பேர் அந்த நாலு கையில் ஒரு கை?

நாம் யார் பக்கம்?

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்று போன கூட்டத்தில் கேட்டோம். நாலு கை. நூறு நாள் அட்டை உள்ள வீடு எத்தனை என்று கேட்டோம். முக்கால்வாசிக் கை தூக்கியது, கொஞ்சம் கூச்சத்தோடு. இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? நடவன்றைக்கு நாம் முதலாளி, அடுத்த வாரம் பக்கத்து வயலில் கூலி, அதற்கடுத்த வாரம் குளத்தில் மண்வெட்டி. சின்ன விவசாயி வீடு என்றால் அதுதான்.

ரெண்டு ஏக்கர் வீட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். நடவும் களையும் சேர்த்து ஐம்பத்தைந்து பெண் ஆள் தேவைப்படுகிறது என்று வையுங்கள். திட்டத்தை நிறுத்தினால் கூலி இருபது ரூபாய் இறங்கும் என்றே ஒத்துக்கொள்வோம், இறங்காது, ஆனாலும் ஒரு பேச்சுக்கு. மிச்சம் 1,100 ரூபாய். அதே வீட்டு அம்மாவுக்கு அந்த அறுபது நாளில் இருபது நாள் திட்ட வேலை போயிற்று என்றால், 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த 336 ரூபாய்க் கணக்கில் நஷ்டம் 6,720. அளவு பார்த்துக் குறைத்து 250 ரூபாய்தான் போட்டார்கள் என்றாலும் 5,000. இருபது ஏக்கர்க்காரருக்கு அதே கணக்கில் மிச்சம் 11,000, நஷ்டம் ஒன்றுமில்லை, அவர் வீட்டில் யாரும் குளத்துக்குப் போகவில்லை. இப்போது சொல்லுங்கள், அந்த மனுவில் 'அனைத்து விவசாயிகள்' என்று போட்டது யாருக்காக?

இன்னொன்றையும் நாம் மறக்க முடியாது, இந்த மண்ணில் மறக்கவே கூடாது. 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலி உயர்வு கேட்ட தகராறு, வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுத்த தகராறு. அன்றைக்கு நிலக்காரர்கள் வைத்திருந்த அமைப்பின் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். அதற்குப் பிறகுதான் 1969-ல் தஞ்சை ஜில்லாவுக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. விவசாயிகள் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு கூலிக்காரர் வயிற்றில் அடிக்கிற மனுவில் முத்திரை குத்தினால், தெற்குத் தெருவில் நம்மை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

பின்னே யாரிடம் கேட்பது? இதற்கும் கணக்கு இருக்கிறது. திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் நாள் கூலி 80 ரூபாய். 2005-06-ல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த விலை குவிண்டாலுக்கு 570. ஒரு குவிண்டால் நெல்லை விற்றால் ஏழு நாள் கூலி. 2025-26-ல் நெல் விலை 2,369. கூலி 336. வகுத்துப் பாருங்கள், அதே ஏழு நாள்! மாநில ஊக்கத்தொகை தனி. இருபது வருஷத்தில் திட்டக் கூலி நம்மை முந்தி ஓடவில்லை, நெல் விலையோடு சேர்ந்தேதான் நடந்திருக்கிறது. முந்தி ஓடியது கட்டடக் கூலியும் மெஷின் வாடகையும் வீட்டுச் செலவும். அதற்கு ஈடுகொடுக்கிற விலை நெல்லுக்கு இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் ஐம்பது சதம் சேர்த்து விலை கொடு என்று 2006-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. நிலத்து வாடகையும் சொந்த முதலுக்கு வட்டியும் சேர்த்த முழுச் செலவுக்கு மேல் அந்த ஐம்பது சதம் இன்னும் வந்து சேரவில்லை. அதைக் கேட்க டில்லிக்குப் போக வேண்டும். குளத்து மேட்டில் இருக்கிற கிழவியிடம் கோபப்பட டில்லி போக வேண்டியதில்லை, அதனால்தான் அது சுலபமாக வருகிறது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்துக்கு வருவோம். பழைய சட்டத்தில் இருந்த காந்தி பெயரை எடுத்துவிட்டார்கள். 'ஜி ராம் ஜி' என்று வாயில் வருகிற மாதிரி பெயரை வைத்துவிட்டார்கள். நூறு நாள் 125 நாள் ஆகும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறே ஐம்பதாகத்தான் வந்து சேர்ந்தது என்று பார்த்தோம். முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. இனி நூற்றுக்கு அறுபது அவர்கள், நாற்பது மாநிலம். ஒரு மாநிலத்துக்கு இவ்வளவுதான் என்று ஒதுக்கீடு போடுவார்கள், அதற்கு மேல் போனால் மாநிலத்தின் தலையில். 2016 மாதிரி, 2018 மாதிரி ஒரு வருஷம் வந்தால் என்ன செய்வது? அடி விழுகிற வருஷத்தில்தான் வேலை கேட்டு வருகிறவர் கூட்டம் இரண்டு மடங்காகும். அந்த வருஷத்துக்குத் தேவையான பணத்தை முந்தின வருஷத்துக் கணக்கில் எப்படிக் கட்டி வைப்பார்கள்?

அறுபது நாள் நிறுத்தம் விவசாயிக்காகத்தான் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நாம் கேட்காத வரம். கல்லணைப் பக்கம் நடவு முடிந்து களை எடுக்கும்போதுதான் நம் கடைமடைக்குத் தண்ணீரே வருகிறது. குறுவை போட்ட ஊர் வேறு, சம்பா மட்டும் உள்ள ஊர் வேறு, உப்புத் தண்ணீர் ஏறி ஒன்றும் போடாத ஊர் வேறு. மேலே இருந்து தேதி அறிவித்தால், பயிரே இல்லாத ஊரிலும் வேலை நிற்கும். அந்த ஊர்க்காரர் அறுபது நாள் என்ன செய்வார்? வேன்தான்.

ஆகவே சங்கம் அந்த மனுவில் முத்திரை குத்தாது. நம் கோரிக்கையை நாமே எழுதியிருக்கிறோம். எங்களைச் சாக்கு வைத்து வேலையை நிறுத்தாதே. எந்த வாரம் எந்த ஊரில் என்ன வேலை என்பதை அந்தந்தக் கிராமசபை முடிவு செய்யட்டும். அறுப்பு உள்ள வாரத்தில் வேலை நேரத்தை மாற்றி வைக்க ஊர் கூடிப் பேசினால் முடியும், நாலு ஊரில் பேசித் தீர்த்தும் இருக்கிறோம். சிறு, குறு விவசாயி நிலத்திலேயே வரப்பு போட, பண்ணைக்குட்டை வெட்ட, மாட்டுக்கொட்டகை கட்ட பழைய திட்டத்தில் இடம் இருந்தது. பலருக்கு அது தெரியவே இல்லை, தெரிந்தவர் கேட்டபோது அலைக்கழித்தார்கள். அந்த உரிமை குறையாமல் வேண்டும். கூலி பதினைந்து நாளுக்குள் வர வேண்டும். 2025 தொடக்கத்தில் மாதக்கணக்கில் இழுத்தடித்தது மாதிரி இருக்கக்கூடாது. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை மெஷின்களை ஒன்றியத்துக்கு ஒன்றிரண்டு என்று கண்ணில் காட்டாமல், சின்ன வயலிலும் இறங்குகிற வண்டியாகக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடு. நெல்லுக்குக் கட்டுபடியான விலையைச் சட்டமாக்கு.

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வட்டாட்சியர் அலுவலகம் முன்னால் ஆர்ப்பாட்டம். விவசாயத் தொழிலாளர்களையும் அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தனித்தனியாக நிற்க வேண்டாம், ஒரே வரிசை. வீட்டுக்கு ஒருத்தர் என்று ஆம்பளை மட்டும் வராமல் பெண்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மனுவோடு இணைப்பதற்கு இரண்டு நகல் வேண்டும்: ஒன்று சிட்டா, இன்னொன்று நூறு நாள் அட்டை. இரண்டும் உள்ளவர்கள் இரண்டையும் ஒன்றாகப் பின் அடித்து ஞாயிறு மாலைக்குள் கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். சுற்றுகிற மனுவில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் கொடுக்கலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.